கானரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் பாய்மரப் படகில்: புறப்படும் முன் செய்து முடிக்க வேண்டியவை

அட்லாண்டிக்கைக் குறுக்கே கடக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வேலைகளை வரிசை மாற்றிச் செய்துவிடுகிறார்கள். மளிகைச் சாமானும் மீன்தூண்டிலும் முதலில் வாங்கப்படுகின்றன. உயிர்காப்பு மிதவையின் சர்வீஸ் தேதியும் பாய்மரக் கம்பிகளின் வயதும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த வாரத்தில் துறைமுகத்தில் எந்த மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார். அதிக நாள் பிடிக்கும் வேலை முதலில், கடையில் வாங்கக்கூடியது கடைசியில் என்ற ஒழுங்கில்தான் இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறோம்.

கணக்குகள் எல்லாம் 38 முதல் 42 அடி நீளமுள்ள ஒற்றை உடல் படகு, 4 பேர் கொண்ட குழு, கிரான் கனேரியா தீவின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனில் செயின்ட் லூசியாவின் ரோட்னி பே வரை சுமார் 2,700 கடல் மைல் என்ற அளவில். இப்படிப்பட்ட படகுக்கு 18 முதல் 24 நாள் ஆகும்.

1. தேதியை முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள்

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று நவம்பர் கடைசியில்தான் நிலைபெறத் தொடங்குகிறது. ஜனவரியில் இன்னும் உறுதியாக இருக்கும். ஆகவே நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி இறுதி வரை புறப்படலாம். அவசரம் இல்லாதவர்களுக்கு எங்கள் பரிந்துரை டிசம்பர் நடு அல்லது ஜனவரி.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1986 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் ஏ.ஆர்.சி. என்ற பெரிய படகு அணி லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்புகிறது. அது போகும்வரை அந்த மரீனாவில் மற்றவர்களுக்கு இடம் கிடைப்பது கடினம். கம்பி வேலை, பாய் தைப்பது, மின்வேலை எல்லாவற்றுக்கும் வரிசை நீளும். அணியில் சேராதவர்கள் டெனெரீஃபின் சான்டா குரூஸ், லான்சரோட்டின் அரெசிஃபே போன்ற இடங்களையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கால அளவு உத்தேசமாக இப்படி வரும். கம்பி, சுக்கான், காப்பீடு, விசா: 6 மாதத்துக்கு முன். மின்சாரம், ஆட்டோபைலட் (தானே சுக்கான் பிடிக்கும் கருவி), உயிர்காப்பு மிதவை: 3 மாதத்துக்கு முன். உதிரிப் பாகங்கள்: 6 வாரத்துக்கு முன். உணவு: கடைசி 10 நாள்.

மத்தியதரைக் கடலிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2020 முதல் ஜிப்ரால்டர் நீரிணையிலும் போர்ச்சுகல் கரையோரத்திலும் ஓர்க்கா திமிங்கிலங்கள் படகுகளின் சுக்கானை உடைத்து வருகின்றன. சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. அண்மைய தாக்குதல்கள் குறிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்து, ஆழம் குறைந்த கரையோரப் பாதையில் கடப்பதே இப்போதைய பொது நடைமுறை.

2. ஆவணங்கள்

படகுக்கு: பதிவுச் சான்றிதழின் அசல், காப்பீட்டுப் பத்திரம், வானொலி நிலைய உரிமம், வி.எச்.எஃப். (குறுந்தூர வானொலி) இயக்குபவருக்கான சான்றிதழ், ஐரோப்பிய ஒன்றியப் படகானால் மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்கான சான்று. ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகை, வெளியே வசிக்கும் உரிமையாளர் வரி கட்டாமல் 18 மாதம் வரை அங்கே வைத்திருக்கலாம். எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, 10 பிரதி எடுத்து வையுங்கள். குழுப் பட்டியலில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு, படகில் அவரது பொறுப்பு ஆகியவை இருக்க வேண்டும்.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழுவினர் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கானரித் தீவுகள் ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் செல்லக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதிக்குள் வருகின்றன. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு, படகு பழுதாகி நின்றாலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஒருமுறை நுழைவு விசாவில் வந்து, வழியில் மொராக்கோவில் இறங்கிவிட்டால் திரும்ப நுழைய முடியாது; பலமுறை நுழைவு விசா கேட்டு விண்ணப்பியுங்கள். மார்டினிக் பிரான்சின் பகுதிதான் என்றாலும் ஷெங்கனுக்குள் இல்லை. உங்கள் ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லாது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வெர்டே தீவு நாட்டில் நிற்கும் திட்டம் இருந்தால் அதற்கும், இறங்கப்போகும் தீவுக்கும், அவசரத்தில் ஒதுங்கக்கூடிய அடுத்த தீவுக்கும் தனித்தனியே விசா விதியை அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். விமானத்தில் வருகிறவர்களுக்கு உள்ள விதி படகில் வருகிறவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒருவழி விமானச் சீட்டோடு கானரிக்கு வருகிறவரை விமான நிறுவனம் ஏற்ற மறுக்கலாம். படகின் பெயர், பதிவு எண், புறப்படும் தேதி, போகும் இடம் குறிப்பிட்டு, கேப்டன் கையெழுத்திட்ட கடிதம் அவரிடம் இருக்கட்டும். கடலுக்குப் போவதற்கு முன் துறைமுகக் காவல் அலுவலகத்தில் நீங்கள் வெளியேறுவதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் அடுத்த ஷெங்கன் விண்ணப்பத்தில் அதிக நாள் தங்கியவராகக் கணக்கில் வருவீர்கள்.

காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: குழுவில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும், கம்பிகளின் வயது வரம்பு என்ன, புயல் பருவத்தில் எந்த அட்சரேகைகளுக்கு நடுவே படகு இருக்கக்கூடாது. பத்திரத்தில் அட்லாண்டிக் கடப்பு என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

3. பாய்மரமும் தாங்கு கம்பிகளும்

பாய்மரத்தை நிறுத்தி வைத்திருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளுக்குப் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுதான் ஆயுள். அதைத் தாண்டியிருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். 40 அடிப் படகுக்கு இது 5,000 யூரோவுக்கு மேல் போகும். பட்டியலிலேயே பெரிய செலவு இதுதான். ஆனாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கம்பிகள் வெளியே தெரியும்படி தேய்வதில்லை. கம்பி முனையை உலோகக் குழலுக்குள் அழுத்தி இறுக்கிய இடத்தில், உப்புநீர் இறங்கித் தங்கும் கீழ் முனையில்தான் விரிசல் பிறக்கிறது.

சோதிக்கும் முறை: கீழ் முனைக் குழல்களைத் துடைத்துச் சுத்தமாக்கி, விரிசல் காட்டும் சாயத்தைப் பூசி, உருப்பெருக்கியில் பாருங்கள். கம்பி குழலுக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய துணியைச் சுற்றி இழுங்கள்; நூல் மாட்டினால் ஓர் இழை உடைந்திருக்கிறது என்று பொருள். ஓர் இழை உடைந்தாலே அந்தக் கம்பி போக வேண்டியதுதான். கம்பியைப் படகின் உடலோடு பிணைக்கும் தகடுகளின் மேல்தளப் பகுதியில் பழுப்புக் கறை வடிந்திருந்தால் கழற்றிப் பாருங்கள். காற்றுப் படாமல் ஈரத்தில் அடைபட்டுக் கிடக்கும் எஃகு உள்ளிருந்தே அரிக்கும்.

உதிரி: மிக நீளமான கம்பியின் நீளத்துக்கு டைனீமா என்னும் மிக உறுதியான செயற்கை இழைக் கயிறு, அதே விட்டத்தில் ஊசிகளும் பூட்டுக் கம்பிகளும், இரண்டு திருகு இறுக்கிகள். பாய்மரம் உடைந்து விழுந்தால் அது படகின் பக்கத்தை இடித்து ஓட்டையிடும் முன் வெட்டிவிட வேண்டும். 8 மி.மீ.க்கு மேற்பட்ட கம்பியை ஆடும் தளத்தில் நின்று கைவெட்டியால் வெட்டுவது மிகக் கடினம். பேட்டரி கிரைண்டரும், ஊசிகளைத் தட்டிக் கழற்ற ஒரு சுத்தியும் துளை உளியும் தயாராக இருக்கட்டும்.

4. பாய்கள்: பின்காற்றில் மூன்று வாரம்

இந்தப் பாதையில் படகைச் சேதப்படுத்துவது புயலைவிட உராய்வுதான். பின்னாலிருந்து வரும் அலையில் படகு 8 விநாடிக்கு ஒருமுறை உருண்டால் ஒரு நாளில் 10,000 தடவைக்கு மேல். ஒவ்வொரு உருளலிலும் ஏதோ ஒரு கயிறு ஏதோ ஓர் உலோகத்தில் தேய்கிறது.

பெரும்பாலும் அறுவது ஹாலியார்டு, அதாவது பாயை மேலே ஏற்றும் கயிறு, பாய்மர உச்சியின் கப்பியில் வளையும் இடம். தினமும் காலையில் அதைச் சில செ.மீ. தளர்த்தியோ இறுக்கியோ தேயும் புள்ளியை இடம் மாற்றுங்கள். புறப்படும்போது 2 மீட்டர் கூடுதல் நீளம் விட்டால், நைந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம். பெரிய பாய், பக்கவாட்டுக் குறுக்குக் கழிகளில் படும் இடங்களைப் பென்சிலால் குறித்து, ஒட்டும் டேக்ரான் பாய்த்துணி ஒட்டுங்கள்.

பெரிய பாயின் அடிக்கழியான பூம், காற்று மறுபக்கம் அடித்து எதிர்பாராமல் வீசித் திரும்பினால் மண்டை உடையும், பூமும் உடையும். அதைத் தடுக்கும் கயிற்றைப் பூமின் நடுவில் கட்டாதீர்கள். பூம் தண்ணீரில் முக்கினால் அந்த இடத்தில்தான் ஒடியும். நுனியில் கட்டி, படகின் முன்முனைக் கப்பி வழியாகக் காக்பிட்டுக்கு, அதாவது படகை ஓட்டும் இடத்துக்கு, திருப்பிக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் யாரும் முன்தளத்துக்குப் போகாமலே அவிழ்க்க முடியும்.

முன்பாயை விரித்துப் பிடிக்கும் கழிக்கும் இதே விதி. மேலே ஒன்று, முன்னே ஒன்று, பின்னே ஒன்று என மூன்று கயிறுகளால் கழியைத் தனியாக நிலைநிறுத்துங்கள். இரவில் மழைக்காற்று பாய்ந்து வரும்போது கழி தன் இடத்திலேயே நிற்கும். பாயை மட்டும் காக்பிட்டிலிருந்து சுருட்டிவிடலாம். மழைக்காற்றில் வேகம் சில நிமிடத்தில் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) அளவிலிருந்து 35 நாட் அளவுக்கு ஏறும். ஆகவே சூரியன் மறையும்போதே பாயைக் குறைத்துவிடுங்கள். அதனால் இழப்பது ஒரு நாளைக்குச் சில மைல். இருட்டில் நான்கு பேரையும் எழுப்பும் வேலை மிச்சம்.

5. சுக்கானும் ஆட்டோபைலட்டும்

நான்கு பேர் மூன்று வாரம் கையால் சுக்கான் பிடிக்க முடியும். ஆனால் ஒருவரும் தூங்க முடியாது. ஆட்டோபைலட் வாங்கும்போது விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையை நம்பாதீர்கள். உங்கள் படகின் பதிவு எடையோடு தண்ணீர், டீசல், உணவுக்காக 20 சதவீதம் கூட்டி, அதற்கும் மேலான திறனுள்ளதை எடுங்கள். சக்கரத்தில் மாட்டும் பெல்ட் வகை கரையோரப் பயணத்துக்கானது. கனத்த படகைப் பின் அலையில் பிடித்து நிறுத்தத் திணறும். காற்றால் இயங்கும் சுக்கான் கருவி இருந்தால் மிகவும் நல்லது, அதற்கு மின்சாரமே வேண்டாம். இல்லையென்றால் மோட்டார், பெல்ட், கார்பன் பிரஷ் உதிரிகளாவது வேண்டும்.

அவசரச் சுக்கான் பிடி எல்லாப் படகிலும் இருக்கும்; அதைப் போட்டுப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 15 நாட் காற்றில் கடலில் மாட்டிப் பாருங்கள். பிடி சக்கரத்தூணில் இடிப்பதும், ஒருவர் பலத்துக்கு அசையாததும் அப்போதுதான் தெரியும். இருபக்கமும் கப்பிக் கயிறு கட்டி இழுக்கும் ஏற்பாட்டைத் துறைமுகத்திலேயே செய்து வையுங்கள்.

6. மின்சாரக் கணக்கு

12 வோல்ட் அமைப்பில் ஒரு நாள் செலவு உத்தேசமாக: ஆட்டோபைலட் சராசரி 5 ஆம்பியர், 24 மணிக்கு 120 ஆம்பியர் மணி, குளிர்பெட்டி 50, கருவிகள், ஏ.ஐ.எஸ். (படகுகளின் இடத்தை ஒன்றுக்கொன்று காட்டும் கருவி), வி.எச்.எஃப்., விளக்குகள் 30. மொத்தம் 200. செயற்கைக்கோள் இணையத்தை நாள் முழுக்க ஓட்டினால் இதற்கு மேல் கணிசமாகக் கூடும். மணிக்கணக்கு வைத்து ஓட்டுங்கள்.

400 வாட் சூரியத் தகடு, பாயின் நிழலையும் கழித்தால் நாளைக்கு 120 ஆம்பியர் மணி அளவு தரும். மேற்கு நோக்கிப் போவதால் மதியத்துக்குப் பிறகு பாய் நிழல் தகட்டின் மேல் விழும்; தகடு பின்பக்கம் இருந்தால் காலை வெயில் நன்றாகக் கிடைக்கும். மீதி 80ஐ எஞ்சின் அல்லது நீரில் இழுபடும் ஜெனரேட்டர் ஈடுசெய்ய வேண்டும். அந்த ஜெனரேட்டரில் சர்காசம் என்னும் மிதக்கும் கடற்பாசி அடிக்கடி சிக்கும். எளிதாகத் தூக்கும்படி பொருத்துங்கள்.

ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுக்கக்கூடாது. எனவே 400 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் கையில் இருப்பது 200 மட்டுமே. லித்தியத்துக்கு மாறினால் எஞ்சினோடு ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரை நேரடியாக இணைக்காதீர்கள். பேட்டரி இழுக்கும் மின்னோட்டத்தில் அது சூடாகிக் கருகும். நடுவே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் போடுங்கள்.

7. எஞ்சினும் டீசலும்

40 குதிரைத்திறன் எஞ்சின் நிதான வேகத்தில் மணிக்கு 2.5 முதல் 3 லிட்டர் குடிக்கும். 200 லிட்டர் தொட்டி 65 முதல் 80 மணி, சுமார் 350 மைல். ஆக, டீசல் கடலைக் கடக்க அல்ல. சார்ஜ் ஏற்றவும், காற்றற்ற ஒரு பகுதியைத் தாண்டவும், துறைமுகம் நுழையவும்தான்.

துறைமுகத்தில் நன்றாக ஓடிய எஞ்சின் கடலில் நிற்பதற்கு வழக்கமான காரணம், தொட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்த அழுக்கு ஆட்டத்தில் கலங்கி வடிகட்டியை அடைப்பது. கிளம்புமுன் தொட்டியின் அடியிலிருந்து டீசலை உறிஞ்சிக் கண்ணாடிப் பாட்டிலில் பாருங்கள். கறுப்புச் சளிபோல் இருந்தால் தொட்டியைத் திறந்து கழுவாமல் கிளம்பாதீர்கள். முதன்மை வடிகட்டி 8, இரண்டாம் வடிகட்டி 4, இம்பெல்லர் (குளிர்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) 3, பெல்ட் 2, ஒரு முறை மாற்றுவதற்கான எண்ணெய், இவை போதும். எரிபொருள் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையைக் குழுவில் இருவராவது செய்து பழகியிருக்க வேண்டும்.

டீசல் கேன்களைப் பக்கவாட்டுக் கம்பித்தூண்களில் கட்டுவது பரவலான வழக்கம். ஓர் அலை ஏறி அடித்தால் தூணோடு வளைந்து போகும். காக்பிட் லாக்கரிலோ பாய்மர அடியிலோ கட்டுங்கள்.

8. உயிர்காக்கும் கருவிகள்

உயிர்காப்பு மிதவைக்கு ஐ.எஸ்.ஓ. 9650-1 தரமும், 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கான பொதியும் வேண்டும். நான்கு பேருக்கு 8 பேர் மிதவை பாதுகாப்பு அல்ல. உள்ளே எடை குறைந்தால் காற்றில் கவிழும். சர்வீஸ் பெரும்பாலும் 3 ஆண்டுக்கு ஒருமுறை. சில நூறு யூரோ ஆகும், உள்ளே காலாவதியானவை இருந்தால் இன்னும் கூடும். அக்டோபருக்குப் பிறகு கானரியில் கொடுத்தால் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. திரும்பி வந்ததும் அதன் இழுகயிறு படகின் உறுதியான இடத்தில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கட்டாமல் தூக்கிப் போட்டால் மிதவை விரியாமலே அலையோடு போய்விடும்.

ஈபர்ப் என்னும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் கருவியில் பேட்டரியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தண்ணீரில் தானே கழன்றுகொள்ளும் பூட்டை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய படகு வாங்கியவர்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. படகின் கொடி (பதிவு நாடு) மாறினால் எம்.எம்.எஸ்.ஐ. என்னும் 9 இலக்க வானொலி அடையாள எண்ணும் மாறும், முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், இந்தியாவுக்கு 419. வி.எச்.எஃப்., ஏ.ஐ.எஸ்., ஈபர்ப் மூன்றையும் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும். பல கருவிகளில் இதை விற்பனையாளர்தான் செய்ய முடியும். மாற்றாவிட்டால் நீங்கள் உதவி கேட்கும்போது மீட்பு மையம் பழைய உரிமையாளரின் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருக்கும். பதிவில் கொடுக்கும் கரைத் தொடர்பு எண், உங்கள் குழுப் பட்டியலும் பாதையும் தெரிந்த ஒருவருடையதாக இருக்கட்டும்.

ஒவ்வொருவருக்கும் தானே ஊதும் உயிர்க்காப்பு அங்கி, அதில் ஏ.ஐ.எஸ். அலைபரப்பி, இரு கொக்கியுள்ள பிணைப்புப் பட்டை. இரவில் காக்பிட்டுக்கு வரும் முன் படிக்கட்டிலேயே கொக்கி மாட்ட வேண்டும் என்பதில் விலக்கு வேண்டாம்.

9. தண்ணீர், உணவு, கேஸ்

ஒருவருக்கு நாளைக்கு 4 லிட்டர். பாத்திரம் கழுவக் கடல்நீர். 4 பேர், 30 நாள் என்றால் 480 லிட்டர். ஒரே தொட்டியில் வைக்காதீர்கள், ஒரு குழாய் கசிந்தால் எல்லாம் போகும். குடிக்க மட்டும் 150 லிட்டரைச் சிறு கேன்களில் பிரித்து வையுங்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் இந்தக் கணக்கைக் குறைக்க வேண்டாம்.

உணவு 30 நாளுக்கு. இந்தியாவிலிருந்து கொண்டுவர வேண்டியது நல்ல பிரஷர் குக்கர். மூடி பூட்டிக்கொள்வதால் அடுப்பிலிருந்து சரிந்தாலும் கொதிக்கும் சோறு யார் மேலும் கொட்டாது, கேஸும் மிச்சமாகும். அரிசியும் பருப்பும் மசாலாவும் லாஸ் பால்மாஸிலேயே வாங்கலாம். சிந்தி வணிகர்கள் பல தலைமுறையாகக் கானரித் தீவுகளில் இருக்கிறார்கள். அவலும் ரவையும் அதிகமாக வையுங்கள்: கடல் கொந்தளிக்கும்போது பத்து நிமிடத்துக்கு மேல் அடுப்படியில் நிற்க முடியாது. முதல் மூன்று நாளுக்கு எண்ணெய் குறைந்த சமையலைக் கரையிலேயே செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதில்தான் வரும். காய்கறியைக் கரையில் கழுவி, நிழலில் உலர்த்தி, வலையில் தொங்கவிடுங்கள். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து வைத்தால் கிழங்கு சீக்கிரம் முளைத்துவிடும். முட்டை கடையில் குளிரில் வைக்கப்படாததாக இருந்தால் வெளியிலேயே மூன்று வாரம் தாங்கும்.

ஐரோப்பியப் படகுகளில் காணும் நீல நிற கேம்பிங்கேஸ் 907 உருளையில் 2.75 கிலோ பியூட்டேன் இருக்கும். நான்கு பேர் சமையலுக்கு மூன்று உருளை எடுங்கள். கரீபியனில் இதை மாற்றிக்கொள்வது பெரும்பாலும் மார்டினிக், குவாதலூப் போன்ற பிரெஞ்சுத் தீவுகளில்தான் முடியும்.

10. மருந்து

கடல் மயக்கத்துக்கு நம் ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னாரிசைன் பலருக்குக் கேட்கிறது. வாந்தி தொடங்கியபின் போட்டால் உடலில் தங்காது. புறப்படும் முன்னிரவே தொடங்க வேண்டும். ஆன்டிபயாடிக், தீக்காயம், பல்வலி, சிறுநீர்த் தொற்று மருந்துகளை மருத்துவரிடம் சீட்டோடு வாங்குங்கள். ரோமிலுள்ள சி.ஐ.ஆர்.எம். மையம் கடலிலிருந்து அழைக்கும் எந்த நாட்டுப் படகுக்கும் இலவச மருத்துவ ஆலோசனை தருகிறது. அதன் எண்ணைச் செயற்கைக்கோள் போனில் பதிந்து வையுங்கள்.

11. கடைசி வாரமும் புறப்பாடும்

சாமான் எல்லாம் ஏற்றியபின் 48 மணி நேரம் கடலில் ஓட்டிப் பாருங்கள், காவல் முறையும் இரவு சமையலும் உட்பட. எது உருள்கிறது, எது ஒழுகுகிறது என்று அப்போது தெரியும். சரிசெய்ய ஒரு வாரம் கையில் இருக்கும்.

வானிலை பார்க்கும்போது தீவுகளுக்கு இடையிலுள்ள நீரிணைகளைத் தனியாகக் கவனியுங்கள். அங்கே காற்று ஒடுங்கிப் பாய்வதால் முன்னறிவிப்பைவிட 10 முதல் 15 நாட் கூடும். அதை அடுத்து கிரான் கனேரியாவின் தெற்கே காற்றே இல்லாத நிழல் பகுதி. கிளம்பியதும் நேர் மேற்கே திரும்பினால் உயர் அழுத்தத்தின் அமைதியில் மாட்டுவீர்கள். தென்மேற்காக இறங்கி, வியாபாரக் காற்று நிலைத்தபின் மேற்கே திருப்புங்கள். ஏதேனும் உடைந்தால் சுமார் 850 மைலில் கேப் வெர்டேயின் மின்டேலோ இருக்கிறது. அங்கே பழுது பார்க்கவும் தண்ணீர் நிரப்பவும் முடியும்.

துறைமுகத்தை விட்டுச் சென்றதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பெயினில் தாமாகத் தரமாட்டார்கள். கரீபியன் சுங்கம் முதலில் கேட்பது அதைத்தான்.

12. மறுகரையில்

தீவின் கடல் எல்லைக்குள் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றுங்கள். கேப்டன் மட்டும் எல்லோருடைய பாஸ்போர்ட், படகு ஆவணங்கள், புறப்பாட்டுச் சான்றோடு சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் போக வேண்டும். அனுமதி கிடைக்கும்வரை மற்றவர்கள் கரையில் கால் வைக்கக்கூடாது. சனி, ஞாயிறு அல்லது அலுவல் நேரத்துக்கு வெளியே வந்தால் கூடுதல் கட்டணம் உண்டு. பிறகு அந்த நாட்டுக் கொடி. மிஞ்சிய பழம், காய், இறைச்சியைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

குழுவில் யாராவது அங்கிருந்து விமானத்தில் திரும்புவதானால், குழுப் பட்டியலிலிருந்து அவர் பெயரைக் குடிவரவு அலுவலகத்தில் நீக்கிப் பதிவு செய்யாமல் விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள். அவரை நாடு திருப்பி அனுப்பும் செலவு கேப்டன் தலையில்தான் விழும்.

ஜூன் 1க்குள் காப்பீடு சொல்லும் எல்லைக்கு வெளியே படகு போயாக வேண்டும். கிரெனடா, டிரினிடாட் பக்கம் கரையேற்றி வைப்பதானால் இடத்தை ஜனவரியிலேயே பதியுங்கள். ஐரோப்பாவுக்கே திரும்புவதானால் மே மாதம் வட அட்லாண்டிக்கிலுள்ள அசோர்ஸ் தீவுகள் வழியாகக் கிளம்ப வேண்டும், கம்பிச் சோதனையை ஏப்ரலில் மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.